இழுக்கக் கூடாத நூல்

தொங்குகிற நூலைக் கண்டால் மாஸ்டருக்குக் கை சும்மா இருக்காது. வங்கி வரிசையில் முன்னால் நிற்பவரின் தோளிலிருந்தும், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் காலரிலிருந்தும், ஒருமுறை துக்கம் கேட்கப் போன வீட்டில் அழுதுகொண்டிருந்தவரின் கைமடிப்பிலிருந்தும் அவர் நூல் பிடுங்கியிருக்கிறார். பிடுங்கிய நூலைச் சுட்டுவிரலில் சுற்றி, உருண்டையாக்கித் தம் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

"துக்க வீட்லயாவது கையைக் கட்டிக்கிட்டு உக்காரக் கூடாதாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"அழுகை நாளைக்கு நின்னுடும். பிரியற தையல் நிக்குமா?" என்றார் மாஸ்டர்.

ஊரில் அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் அழைத்தார்கள். தையற்கடை அவர் வீட்டின் முன்னறையிலேயே இருந்தது. சன்னலோரம் அவருடைய மெஷின். சுவரோரம் துணி வெட்டும் நீள மேசை. மூலையில் மனைவி பொத்தானும் கொக்கியும் வைத்துத் தைக்கும் நாற்காலி. முன்னறைக்கும் உள்வீட்டுக்கும் நடுவே, தரையில், சாக்பீஸால் ஒரு கோடு. அந்தக் கோடு பாபினுக்காகப் போட்டது.

பாபின் அவர்கள் வீட்டு நாய். தையல் மெஷினுக்கு அடியில் நூல் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்குமே ஒரு சிறு உருளை, அதைப் போலக் குட்டையாகவும் உருண்டையாகவும் இருந்ததாலும், மகிழ்ச்சி வந்தால் தன்னைத் தானே சுற்றிக்கொண்டதாலும் அந்தப் பெயர். கோட்டைத் தாண்டக் கூடாது என்பது பாபினுக்குக் குட்டியிலேயே சொல்லப்பட்ட சட்டம். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஊசி, நூல், பொத்தான். அந்தப் பக்கம் நாய். மாலையில் கடையை அடைக்குமுன் மாஸ்டர் தரை முழுவதையும் காந்தத்தால் துழாவுவார்; பிறகு நூல் துணுக்கு ஒன்றுகூடக் கிடக்காமல் பெருக்குவார். பாபின் கோட்டின் விளிம்பில் முகவாயை வைத்துப் படுத்துக்கொண்டு, மேற்பார்வையாளரைப் போல அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பாபினுக்கு வைத்தியமும் மாஸ்டரே. காலில் முள் தைத்தால் ஊசிமுனையால் வலிக்காமல் எடுப்பார். காது அழுக்கை இளஞ்சூட்டுத் துணியால் துடைப்பார். வயிறு கெட்டால் ஒரு வேளை பட்டினி, அடுத்த வேளை குழைந்த சோறு. குறை சொல்வதற்கில்லை; அவர் கைபட்டுப் பாபின் பலமுறை தேறியிருக்கிறது. தடுப்பூசிக்கு மட்டும் மனைவி அதை மருத்துவரிடம் அழைத்துப் போவாள். அந்த மருத்துவர் வேறு யாருமல்லர், அவர்களுடைய ஒரே மகளின் கணவர்.

சங்கடம் அங்கேதான் இருந்தது. மாப்பிள்ளை நல்லவர், பொறுமையானவர், மகளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்பவர். ஆனால் ரெடிமேட் சட்டை போடுகிறவர். தையற்காரர் வீட்டில் பெண் எடுத்தவர், ரெடிமேட் சட்டை போட்டுக்கொண்டு மாமனார் வீட்டுப் படியேறுகிறார். மாஸ்டர் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் தைத்துக் கொடுக்கிறேன் என்று சொல்லவில்லை. மாப்பிள்ளை தைத்துத் தாருங்கள் என்று கேட்கவில்லை. அதே கணக்கில், மாப்பிள்ளை நாயைக் கொண்டுவாருங்கள் என்று சொன்னாலும் மாஸ்டர் கொண்டுபோகவில்லை. 'அவர் என் கைவேலையைக் கேட்கவில்லை, நான் ஏன் அவர் கைவேலையைக் கேட்க வேண்டும்' என்பது அவருடைய வாதம். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்தார்கள். விருந்தென்றால் அடுப்படி மாஸ்டருடையது. அன்று அவர் கோழிக்கறியைத் தட்டையாகத் தட்டி, உள்ளே காரட்டும் முட்டையும் வைத்து, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி வேகவைத்தார். சுருட்டியது பிரிந்துவிடாமல் இருக்க அவற்றைக் காஜா நூலால் கட்டினார். பொத்தான் துளையின் விளிம்பைச் சுற்றித் தைக்கும் நூல் அது. கடையிலுள்ள நூல்களிலெல்லாம் உறுதியானது. வெந்து முடிந்ததும் நூல்களைக் கத்தரித்து எடுத்து அடுப்பு மேடையின் ஓரத்தில் போட்டார். கறிச்சாறு ஊறிய நூல்கள், ஒரு சிறு குவியல்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் மாஸ்டரின் கண்ணில் அது பட்டது. மாப்பிள்ளையின் சட்டையில், மேலிருந்து இரண்டாம் பொத்தானுக்கு அடியில், ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. மாஸ்டரின் கை, தலையைக் கேளாமலே நீண்டது. இழுத்தார். நூல் வந்தது, நூலோடு பொத்தானும் வந்தது, வந்த பொத்தான் தரையில் விழுந்து உருண்டோடி அலமாரிக்கு அடியில் புகுந்தது.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மாப்பிள்ளை திறந்துகொண்ட சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு, "மாமா, ஒரு வார்த்தை கேட்டுட்டு இழுத்திருக்கலாம்" என்றார்.

"நான் தச்ச சட்டையா இருந்தா, ஆளையே தூக்கினாலும் பொத்தான் வந்திருக்காது, மாப்பிள்ளை."

"அதுக்கு நீங்க தச்சுக் குடுத்திருக்கணும்."

"அதுக்கு நீங்க கேட்டிருக்கணும்."

"நாயைப் பாக்கக் கூட்டிட்டு வாங்கன்னு நானும்தான் கேட்டுக்கிட்டே இருக்கேன். எடை ஏறிக்கிட்டே போகுது."

"அது வீட்டுச் சாப்பாடு சாப்பிடற நாய். கொஞ்சம் நல்லா இருந்தா உங்களுக்கு வியாதியாத் தெரியுது."

மகள் பொத்தானைத் துடைப்பக்குச்சியால் வெளியே தள்ளி எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "தச்சுத் தரேன்" என்று மாஸ்டர் ஊசியை எடுப்பதற்குள், "பரவால்ல மாமா, நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை செருப்பை மாட்டினார். இத்தனை களேபரத்தில் பாபின் அடுப்படிப் பக்கம் போய் வந்ததை யாரும் கவனிக்கவில்லை. அடுப்படியில் கோடு கிடையாது.

மறுநாள் பாபின் சாப்பிடவில்லை; தின்றதைக் கக்கியது. மாஸ்டர் கலங்கவில்லை. விருந்துச் சாப்பாடு, ஒத்துக்கொள்ளவில்லை, ஒரு வேளை பட்டினி போட்டால் சரியாகிவிடும் என்றார். பட்டினி போட்டார். பிறகு சோற்றைக் குழைத்துக் கஞ்சியாக்கித் தம் விரலாலேயே ஊட்டினார். விரலை நக்கிய பாபின், சற்று நேரத்தில் அதையும் கக்கியது. வயிற்றுக்கு இளஞ்சூட்டுத் துணி வைத்தார். அவர் கை பட்டதும் அது மெல்ல முனகி நகர்ந்துகொண்டது. இதுவரை அவர் கை பட்டு அது விலகியதில்லை.

"ஏங்க, முன்னங்காலை நீட்டி நெஞ்சைத் தரையில வெச்சு, பின்னாடி மட்டும் தூக்கிக்கிட்டே நிக்குது. பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

"சோம்பல் முறிக்குது."

"காலையிலேருந்தா முறிக்கும்? வயித்து வலிங்க. மாப்பிள்ளைக்கு ஒரு போன் போடுங்க."

"எதுக்கு? 'வீட்டுச் சாப்பாடு நல்லா வேலை செஞ்சுதா மாமா'ன்னு கேக்கறதுக்கா? விளக்கெண்ணெய் பாட்டில் எங்க இருக்கு? வயித்தைக் கழுவி விட்டா எல்லாம் சரியாப் போயிடும்."

"தெரியல."

"அலமாரியிலதானே இருந்துச்சு?"

"இருந்துச்சு. இப்ப தெரியல."

மாஸ்டர் அலமாரியைத் துழாவினார், அடுப்படியைத் துழாவினார், குளியலறையையும் துழாவினார். விளக்கெண்ணெய் அகப்படவில்லை. மனைவி நாற்காலியில் உட்கார்ந்து வெகு சிரத்தையாகக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் இருந்த பழைய துணி மூட்டை வழக்கத்தைவிடச் சற்று உயரமாக இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் முற்பகலில் பள்ளி வேன் ஓட்டுநர் கடைக்கு வந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் வேன்காரர். கையில் ஒரு புதுப் பேன்ட். நீளம் அதிகமென்று வீட்டிலேயே வெட்டி மடித்துத் தைக்கப் பார்த்ததில், ஒரு கால் கணுக்காலோடும் மறு கால் முழங்காலுக்குச் சற்றுக் கீழேயும் நின்றது.

மாஸ்டர் அதை மேசைமேல் விரித்து, இறந்தவரைப் பார்ப்பதுபோலச் சிறிது நேரம் பார்த்தார்.

"இதை யாரு வெட்டினது?"

"நான்தான் மாஸ்டர். சின்ன வேலைதானே, இதுக்குப் போய் உங்களைத் தொந்தரவு பண்ணணுமான்னு..."

"எதால கத்தரிச்சீங்க? சமையல்கட்டுக் கத்திரியா?"

வேன்காரர் தலையைச் சொறிந்தார்.

"கத்திரியை எடுக்கறதுக்கு முன்னாடி, காலு இந்தப் பக்கம் நடந்து வந்திருக்கக் கூடாதா? எல்லாத்தையும் வீட்லயே பாத்துக்கலாம்னு கைவெச்சு, கெட்டுக் குட்டிச்சுவரானதுக்கு அப்புறம் தூக்கிட்டு வந்தா, நான் என்ன மந்திரம் போட்டு நீட்டறதா? தெரிஞ்சவன் கையில ஆரம்பத்துலயே குடுக்கணும்."

மூலையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "நல்லாச் சொன்னீங்க. இதையே அப்படியே உள்ள போய் நாய்கிட்டயும் சொல்லுங்க."

வேன்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாஸ்டருக்கு விளங்கியது. ஊருக்கு உபதேசம் செய்தவனின் காதில் அதே உபதேசம் திரும்பி வந்து விழுந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. "நீங்க உக்காருங்க" என்று வேன்காரரிடம் சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

பாபின் கொல்லைப்புறத்தில், துணி உலர்த்தும் கம்பிக்கு அடியில், முதுகை வளைத்துக் குந்தி முக்கிக்கொண்டிருந்தது. ஒன்றும் வரவில்லை. எழுந்து இரண்டடி நடந்து மறுபடியும் குந்தியது. அப்போதுதான் அவர் பார்த்தார். வாலுக்கு அடியில் ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

கை நீண்டது. தலையை அது இப்போதும் கேட்கவில்லை. 'இதுதானா சங்கதி' என்று மனத்துக்குள் ஒரு நிம்மதிகூட எழுந்தது. நூலை விழுங்கியிருக்கிறது, நூல் வெளியே வந்துவிட்டது, மீதியையும் இழுத்துப் போட்டால் தீர்ந்தது. இடக்கையால் வாலைத் தூக்கி, வலக்கையின் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் நூலைப் பிடித்து, மெல்ல இழுத்தார்.

முதலில் வந்தது. பிறகு நின்றது.

அது நின்ற விதம் அவர் விரல்களுக்குத் தெரிந்த விதம். முடிச்சில் மாட்டிய நூல் வெடுக்கென்று நிற்கும். சிக்கிய நூல் விட்டு விட்டு வரும். இது அப்படி நிற்கவில்லை. பாவாடைக்குச் சுருக்கு வைக்கத் துணியின் விளிம்பில் ஓட்டுத்தையல் போட்டு, நூலின் ஒரு முனையை இழுக்கும்போது, கெஜக்கணக்கான துணி மடிப்பு மடிப்பாகக் கூடிக்கொண்டே வந்து, இனிக் கூட இடமில்லாமல் மென்மையாகக் கனத்து நிற்குமே, அப்படி நின்றது. நூலின் மறுபக்கம் எதுவோ சுருங்கிக் கூடிக்கொண்டிருந்தது. அது துணியன்று.

பாபின் கத்தவில்லை. தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது, அவ்வளவுதான்.

மாஸ்டர் விரல்களைத் திறந்தார். வாழ்நாளில் முதல்முறையாக, பிடித்த ஒரு நூலை அவர் முழுக்க இழுக்காமல் விட்டார்.

"இந்தா, இங்க வா" என்று அவர் கூப்பிட்ட குரலைக் கேட்டு மனைவி கொக்கியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

அப்போதும் மாப்பிள்ளையின் எண்ணை அழுத்த மனம் வரவில்லை, மகளை அழைத்தார். மகள் பாதியைக் கேட்டதுமே, "அப்பா, என்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? அவர் பக்கத்துலதான் இருக்கார், நீங்களே பேசுங்க" என்று போனைக் கைமாற்றிவிட்டாள்.

"சொல்லுங்க மாமா."

"மாப்பிள்ளை..." என்றார் மாஸ்டர். "நூல் தொங்குது. பின்னாடி."

மறுமுனையில் பேச்சின் வேகம் மாறியது. "தொடாதீங்க. இழுக்காதீங்க, வெட்டவும் வேண்டாம். தண்ணியோ சோறோ எதுவும் குடுக்காம, அப்படியே தூக்கிட்டு வந்துடுங்க. இப்பவே."

முன்னறையில் வேன்காரர் இன்னும் உட்கார்ந்திருந்தார். அவரிடம் கேட்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. மாஸ்டரின் கைகளில் பாபினைப் பார்த்ததும் எழுந்து வேனைக் கிளப்பினார். மாஸ்டர் பின்னிருக்கையில், பள்ளிப் பிள்ளைகள் சன்னலில் ஒட்டிவைத்த பூனைப் படங்களுக்குக் கீழே உட்கார்ந்து, நாயின் தலையைத் தம் முழங்கையில் தாங்கிக்கொண்டார்; மனைவியும் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். வளைவுகளில் வேன்காரர் வண்டியைக் கண்ணாடிப் பாத்திரம்போலத் திருப்பினார்.

மருத்துவமனை என்றால் மூன்று அறைகள். மாப்பிள்ளை வாசலிலேயே நின்றிருந்தார். மேசைமேல் கிடத்தியதும் முதலில் வாயைத் திறந்து, நூல் மாட்டியிருக்கிறதா என்று நாக்குக்கு அடியில் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கைகளாலும் வயிற்றை மெல்ல அழுத்திக்கொண்டே போனார். மாஸ்டர் அந்தக் கைகளைப் பார்த்தார். அவரும் நல்ல துணியை அப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பார்.

"விளக்கெண்ணெய் எதுவும் குடுத்தீங்களா, மாமா?"

"குடுக்கல."

"நல்லவேளை. குடுத்திருந்தா குடல் இன்னும் வேகமா இழுத்திருக்கும்."

"பாட்டில் கிடைக்கல" என்றார் மாஸ்டர் உண்மையாக.

மனைவி கூரையில் இருந்த மின்விசிறியை ஆராய்ந்தாள்.

"நூலை இழுத்தீங்களா?"

'இல்லை' என்று சொல்லிவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை, ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இழுத்திருக்கலாம் என்று சொன்ன அதே வாய்தான் இப்போது கேட்கிறது. பாபின் மேசையிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இழுத்தேன்" என்றார் மாஸ்டர். "முக்கால் இஞ்சு."

"கிட்டத்தட்டவா?"

"கிட்டத்தட்டன்னு நான் எப்ப அளந்திருக்கேன்? முக்கால் இஞ்சு வந்துச்சு. அப்புறம் சுருக்கு வெச்ச துணி மாதிரி கனமா நின்னுச்சு. விட்டுட்டேன்."

மாப்பிள்ளை கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். "சுருக்கு வெச்ச துணி மாதிரியா?"

"ஆமா."

"அதேதான் மாமா நடந்திருக்கு. நூலோட ஒரு முனை உள்ள எங்கேயோ மாட்டிக்கிச்சு. குடல் அது மேலேயே ஏறி ஏறிச் சுருங்கிக்கிச்சு. இன்னும் இழுத்திருந்தா நூல் குடலை ரம்பம் மாதிரி அறுத்திருக்கும். அப்புறம் நான் செய்யறதுக்கு ஒண்ணும் இருந்திருக்காது." பிறகு சற்றுத் தணிந்த குரலில், "உள்ள ஏற்கெனவே அறுந்திருக்கான்னு திறந்து பாத்தாத்தான் தெரியும். ஸ்கேன் பாத்துட்டு உடனே ஆபரேஷனுக்குக் கொண்டுபோறேன். சரியா மாமா?"

கேட்கிறார். கேட்டுவிட்டுத்தான் கத்தியை எடுக்கப் போகிறார். மாஸ்டர் தலையசைத்தார். தலையசைத்தபோது எதிரே இருந்த சட்டையின் இரண்டாம் பொத்தான் கண்ணில் பட்டது. அதே ரெடிமேட் சட்டை. மாப்பிள்ளையே தைத்திருக்கிறார், அதுவும் அறுவைச் சிகிச்சைக்கு உரிய நூலால். மற்றப் பொத்தான்களெல்லாம் வெள்ளை நூலில் இருக்க, இது மட்டும் நீலத்தில் பளிச்சென்று இருந்தது. பார்ப்பதற்குக் கேவலமாக இருந்தது. ஆனால் மாஸ்டர் முடிச்சைப் பார்த்தார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது மகள் அவர் பக்கத்தில் வந்து அமர்ந்தாள்; மறுபக்கம் மனைவி.

"எந்த நூல்னு எனக்குத் தெரியும்" என்றார் மாஸ்டர். "ஞாயித்துக்கிழமை கறி கட்டின காஜா நூல். அடுப்பு மேடையில போட்டேன். கடையில ஒரு துணுக்கு கிடந்தா நான் விடுவேனா? அங்க அது நூலாவே என் கண்ணுக்குத் தெரியல."

மனைவி திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். அவள், "கறிச்சாறு ஊறினா எனக்கே தின்னத் தோணும்" என்றாள்.

"பாபின்னு பேர் வெச்சுட்டு, நூலைச் சுத்திக்கிச்சேன்னு கவலைப்பட்டா எப்படிப்பா?" என்று மகள் அவர் தோளில் சாய்ந்தாள். குரலில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை.

"அது அறாத நூல்" என்றார் மாஸ்டர். "தேடித் தேடி வாங்கினது. எத்தனை பேர்கிட்டப் பெருமை அடிச்சிருக்கேன். இப்பப் பாரு, அறுந்து தொலைஞ்சிருக்கக் கூடாதான்னு இருக்கு."

கதவுக்கு அப்பால் ஏதோ இரும்புத் தட்டில் வைக்கப்படும் ஓசை கேட்டது. மனைவியின் கை அவர் கைமேல் வந்து அமர்ந்தது. ஊசியால் குத்துப்பட்டுக் காய்த்துப்போன இரண்டு கைகள்.

"அவரு பொத்தான் தச்சிருக்காரு, பாத்தியா?" என்றார் அவர் திடீரென்று.

"இப்ப அதுவா முக்கியம்?"

"அசிங்கமாத்தான் தச்சிருக்காரு. ஆனா முடிச்சு நல்ல முடிச்சு. அவிழாது." சற்றுப் பொறுத்து இன்னொரு முறை, இம்முறை தமக்கே சொல்லிக்கொள்வதுபோல, "அவரு போட்டா அவிழாது" என்றார்.

கதவு திறந்தபோது மாப்பிள்ளையின் நெற்றியில் தொப்பியின் விளிம்பு பதிந்திருந்தது. கையிலிருந்த சிறு கிண்ணத்தை அவர் நீட்டினார். உள்ளே சுருண்டு கிடந்தது பழுப்பு நிறக் காஜா நூல்.

"குடல்ல ஓட்டை எதுவும் இல்ல மாமா. மயிரிழையில தப்பிச்சிருக்கு, இன்னும் கொஞ்சம் போயிருந்தா அறுத்திருக்கும். ரெண்டு இடத்துல திறந்து எடுத்தேன். சில நாள் கவனமாப் பாக்கணும், ஆனா பொழைச்சுக்கும்." பிறகு கிண்ணத்தைப் பார்த்தார். "வயித்துக்குள்ள இத்தனை நேரம் கிடந்தும் ஒரு இழை பிரியலையே. என்ன நூல் மாமா இது?"

மாஸ்டர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

பாபின் வீட்டுக்கு வந்தபோது கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூம்பு ஒன்று மாட்டியிருந்தது. தையலை நக்காமல் இருப்பதற்காக. சிறிது சிறிதாக, அடிக்கடி, குழைந்த உணவு கொடுக்க வேண்டும், குதிக்கவிடக் கூடாது, மாத்திரையை வேளை தவறாமல் கொடுக்க வேண்டும், கக்கினாலோ சோர்ந்தாலோ உடனே கூப்பிட வேண்டும். "வெட்டறது, தைக்கறது என் வேலை, மாமா. தேத்தறது உங்க வேலை. அதை நான் கிளினிக்ல வெச்சுச் செய்ய முடியாது" என்று சொல்லியனுப்பியிருந்தார் மாப்பிள்ளை. மாஸ்டர் வெட்டும் மேசைக்குப் பக்கத்திலேயே மெத்தை போட்டார். அதற்காகச் சாக்பீஸ் கோடு அழிக்கப்பட்டு, மெத்தையைச் சுற்றிப் புதிதாக வரையப்பட்டது. இன்னொரு கோடு அடுப்படி வாசலில் முளைத்தது. நாய் உறங்கும்போது அவர் குனிந்து வயிற்றுத் தையலைப் பார்ப்பார். தையலுக்குத் தையல் ஒரே இடைவெளி. பார்த்துவிட்டு நிமிர்ந்துகொள்வார்.

கூம்புதான் தொல்லையாக இருந்தது. பாபின் கதவில் இடித்தது, மேசைக்காலில் இடித்தது, தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்தது, மனைவியின் முழங்காலுக்குப் பின்னால் வந்து முட்டி அவளைப் பொத்தான் டப்பாவோடு தடுமாற வைத்தது. மாஸ்டர் அளவெடுக்கும் டேப்பை எடுத்தார். எடுத்தவர், நின்றார். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனை எடுத்தார்.

"மாப்பிள்ளை, ஒண்ணு கேக்கணும். கூம்புக்குப் பதிலா உடம்போட ஒட்டின மாதிரி ஒரு சட்டை தச்சுப் போடலாமா? தையல் மேல உராயாது. பருத்தித் துணி. ஒண்ணுக்குப் போக வழி விட்டுடறேன்."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது. மாமனார் தம்மிடம் அனுமதி கேட்டதை மாப்பிள்ளை மென்று விழுங்கியிருக்க வேண்டும். "தைங்க மாமா. ஆனா கயிறு, நாடா எதுவும் வேண்டாம். ஈரமானா உடனே மாத்தணும். நீங்க கண்ணால பாத்துக்கிட்டிருக்கிற நேரம் சட்டை. பாக்காத நேரம் கூம்பு."

"சரி" என்றார் மாஸ்டர். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மனைவி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அவர் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள். மறுநாள் காலையில் விளக்கெண்ணெய் பாட்டில் அலமாரியில், பழைய இடத்திலேயே, எதுவும் நடக்காததுபோல நின்றிருந்தது. மாஸ்டர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு அலமாரியைச் சாத்தினார்.

தையல் பிரிக்க மாப்பிள்ளை மகளையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். கோடுபோட்ட சட்டையில் பாபின் வங்கி மேலாளரைப்போல உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை சட்டையை நீக்கித் தையலைப் பிரித்து, வயிற்றை அழுத்திப் பார்த்து, "நல்லா ஆறியிருக்கு" என்றார். பிறகு சட்டையைத் திருப்பி உட்பக்கத்து விளிம்புகளைப் பார்த்தார். ஒரு நூல்கூடத் துருத்திக்கொண்டிருக்கவில்லை.

மாப்பிள்ளை எழுந்தபோது, அவருடைய சட்டைக் கையின் ஓரத்தில் ஒரு நூல் தொங்கியது. மாஸ்டரின் கை நீண்டது. பாதி வழியில் நின்றது. மனைவியும் மகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"மாப்பிள்ளை, இதை இழுக்கலாமா?"

மாப்பிள்ளை கையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, நோயாளியைச் சோதிக்கும் அதே முகத்தோடு நூலைச் சோதித்தார். "வேண்டாம் மாமா. இழுத்தா மொத்தக் கையும் கழண்டு வந்துடும். இது ஆபரேஷன் கேஸ்" என்று சொல்லி, சட்டையைக் கழற்றி மடித்து மாமனார் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, பனியனோடு, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, அளவெடுக்கத் தோதாக நின்றார்.

"நாய்க்குத் தச்சு முடிச்சப்புறம்தான் மாப்பிள்ளைக்குச் சட்டையா? நல்ல முறை" என்றாள் மனைவி.

"நாய் முதல்லயே வந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே மாஸ்டர் கழுத்திலிருந்த டேப்பை உருவி, மாப்பிள்ளையின் தோளில் வைத்தார்.